பழைய எண்

எழுந்தான். பல் துலக்கினான். தேநீருக்குத் தண்ணீர் வைத்தான். இரண்டு தம்ளர்களை எடுத்து, ஒன்றைத் திரும்ப வைத்தான். திரைச்சீலைக்கு அந்தப்பக்கம் அறையின் மறுபாதியில் இன்னொரு குடும்பம் தூங்கிக்கொண்டிருந்தது. சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டுச் சலவை ஆலைக்கு நடந்தான்.

ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகள் அங்கே மூட்டை மூட்டையாக வரும். துவைத்த விரிப்பை இஸ்திரி போடும் சூடான உருளைக்குள் செலுத்த முனைக்கு ஒருவர் வேண்டும். எதிர்முனையைப் பிடித்தவள் அவன் மனைவி. நர்சிங் படித்தவள். அந்தப் படிப்பு இந்த நாட்டில் செல்லாது. "நோயாளியத் தொட விடல. அவங்க படுக்கையையாவது தொட விட்டாங்களே" என்பாள்.

சொந்த நாட்டில் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு நர்சுகள் எடுப்பதாக அறிவிப்பு வந்தபோது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. மகள் அங்கே அவளுடைய அக்கா வீட்டில் வளர்கிறாள். ஆனால் விண்ணப்பிக்க ஒரு ரகசிய எண் தேவை. நர்சுகள் பதிவேட்டில் உள்ள கைபேசிக்குத்தான் அது வரும். அந்தப் பழைய சிம்முக்கு ரீசார்ஜ் செய்யும்படி அவனிடம் பலமுறை சொல்லியிருந்தாள். இன்று நாளை என்று அவன் விட்டுவிட்டான். அந்தக் கைபேசி எண் வேறு யாருக்கோ போய்விட்டது.

பதிவேட்டு அலுவலகத்துக்குப் போன் போட்டுப் பேசினாள்.

"வெளிநாட்டுல இருக்கறவங்க போடக்கூடாதுன்னு எங்கயும் சொல்லலையே சார்?"

"சொல்லலம்மா. நம்பர மாத்தணும்னா ஆள் நேர்ல வரணும், அவ்ளோதான்."

பாஸ்போர்ட் ஆலை முதலாளியின் பெட்டியில் இருந்தது; நம்பர் மாற்ற என்று கேட்டால் தரமாட்டார். அவள் தன் பழைய எண்ணுக்கே போன் போட்டாள். லோடு வண்டி ஓட்டும் ஒருவர் எடுத்தார்.

"அண்ணே, உங்க போனுக்கு ஒரு நம்பர் வரும். படிச்சுச் சொல்லுங்களேன்."

"ஏம்மா, காலங்காத்தால நான்தான் கெடச்சேனா? நம்பரச் சொன்னா பேங்க்ல இருக்கறத வழிச்சிட்டுப் போயிடுவீங்க."

"உங்க பேங்க்ல என்னண்ணே இருக்கு?"

அவர் சிரித்தார். "கடன்தான் இருக்கு. அதையும் சேத்து எடுத்துக்கறியா?"

படித்துச் சொன்னார். விண்ணப்பம் போனது. அதன்பிறகு வாராவாரம் அவரிடம் பேசினாள். "ஏதாச்சும் வந்துச்சாண்ணே?" "வந்தா சொல்லமாட்டனா, தங்கச்சி?"

அவளுக்கு இருமல் வந்தது. பிறகு காய்ச்சல். ஆலையில் விடுப்பு இல்லை. "சனிக்கிழம வரைக்கும் சமாளிச்சுடு" என்று அவனும்தான் சொன்னான். வெள்ளிக்கிழமை உருளையின் முன் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழவில்லை.

இன்று இடைவேளையில் அவளுடைய போன் அவன் சட்டைப்பையில் அடித்தது.

"தங்கச்சி, தப்பா நெனச்சுக்காத."

"நான் அவ வீட்டுக்காரர் பேசறேன்."

"மாப்ளையா! ஒரு மெசேஜ் வந்திருக்கு. நான் எழுத்துக்கூட்டிப் படிக்கறதுக்குள்ள விடிஞ்சுடும். எம் பொண்ணுதான் படிச்சா. சர்டிபிகேட் பாக்க நேர்ல வரலன்னு பேர எடுத்துட்டாங்களாம். முன்னாடியே ஒரு மெசேஜ்ல கூப்புட்டிருக்காங்க மாப்ள. விளம்பரம்னு நெனச்சு விட்டுட்டேன். தங்கச்சியும் அதுக்கப்புறம் பேசல. ஒரு வார்த்த கேட்டிருந்தா அன்னிக்கே தேடிப் பாத்திருப்பேன்."

"முதல் மெசேஜ் என்னிக்கு வந்துச்சு?"

ஒரு சிறுமியின் குரல் தேதியைப் படித்தது. மனைவி உருளையின் முன் உட்கார்ந்துவிட்ட வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள்.

"தங்கச்சிகிட்ட குடுங்க மாப்ள. நானே மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

"வேலையில இருக்கா" என்றான்.

மணி அடித்தது. உருளைக்குத் திரும்பினான். எதிர்முனையில் புதிதாக வந்த பெண் விரிப்பைப் பிடித்திருந்தாள். மூலையில் ஆஸ்பத்திரியின் நீல முத்திரை. மனைவியைக் கொண்டுபோன, அவள் உயிரோடு திரும்பாத ஆஸ்பத்திரி. இருவரும் இழுத்து மடிப்பு எடுத்தார்கள். விரிப்பு உள்ளே போனது.

அந்த வெள்ளிக்கிழமை ஆலை வாசலில், ஆம்புலன்சுக்குள் ஏற்றும்போது, அவள் முகக்கவசத்தை விலக்கி ஒன்று சொன்னாள். அவன் தலையாட்டினான். ஷிப்ட் முடித்துவிட்டுப் போகச் சொன்னார் மேஸ்திரி. அவன் முடித்துவிட்டுத்தான் போனான். அவள் சொன்னதைச் செய்யவில்லை.

"அந்த அண்ணனுக்கு நீங்க ஒரு போன் போட்டுக் கேளுங்க. எனக்குப் பேச மூச்சு வரல."