மாஸ்டர் வெட்டு

"நகரு, நகரு. பொம்பள பிடிச்சா ஸ்டூல் ஆடாம என்ன செய்யும்?"

பலகை மாட்ட ஸ்டூல்மேல் ஏறியிருந்த தையல்கடை மாஸ்டர் அதட்டியதும் மனைவி கையை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள். அடுத்த நொடி ஸ்டூல் ஒரு பக்கம், புதுப் பெயர்ப்பலகை ஒரு பக்கம்; மாஸ்டரோ தன் முழு எடையையும் வலது மணிக்கட்டின்மேல் போட்டுக்கொண்டு தரையில். பலகைக்கு ஒரு கீறல்கூட இல்லை.

அது நடந்து எட்டு மாதம் ஆகிறது. மாவுக்கட்டைப் பிரித்தாயிற்று, மணிக்கட்டுக்குத்தான் வீம்பு போகவில்லை. பூட்டில் சாவியை நுழைக்கும், திருப்பாது. தம்ளரைத் தூக்கும், பாதிக் காப்பியைச் சட்டைதான் குடிக்கும். ஊருக்கெல்லாம் பொத்தான் வைத்துக் கொடுத்தவருக்குப் பொத்தான் போட்டுவிட மனைவி வரவேண்டியிருந்தது. பெரிய கத்தரிக்கோலை எடுத்தாலோ, இரண்டு அங்குலத்தில் கை பூட்டிக்கொள்ளும்.

ஆகவே வெட்டுவது மனைவி. எங்கே? திரைக்குப் பின்னால், துணிமூட்டைகளுக்கு நடுவே, தரையில் குந்தி. ஆண்பிள்ளைச் சட்டையை ஆண்பிள்ளைதான் வெட்டவேண்டும் என்று அந்தத் தெருவில் ஒரு சட்டம். யார் எழுதியது என்று எவருக்கும் தெரியாது. சொந்தமாக ஒரு பொத்தான் தைக்கத் தெரியாத மகான்கள்தான் அதைக் கட்டிக் காத்தார்கள். மாஸ்டர் கழுத்தில் டேப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருப்பார், கடைப் பொம்மைபோல.

"முன்னாடி மேஜையிலயே நின்னு வெட்டுறேங்க. குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு விட்டுப்போச்சு."

"கை சரியாகட்டும், பொறு."

"இனிமே இவ்வளவுதான்னு டாக்டர் சொல்லிட்டாரே?"

"அவருக்கென்ன தெரியும்? அவர் சட்டைக்கே தோள் தொங்குது!"

இன்று காலை, ஓய்வுபெற்ற தலைமை குமாஸ்தா புதுச் சட்டையை மாட்டிக்கொண்டு கண்ணாடிமுன் முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்தார்.

"கை ஒடிஞ்சும் உங்க வெட்டு நூலளவு மாறல மாஸ்டர்! ஆம்பள கை ஆம்பள கைதான். பொம்பள டெய்லர்கிட்ட குடுங்கன்னு சொன்னா என் வீட்டுக்காரி. நான் என்ன தலகாணி உறையா தைக்கப்போறேன்னு கேட்டேன்!"

மாஸ்டர் சிரித்தார், பழக்கதோஷம். திரைக்குப் பின்னால் கத்தரிச் சத்தம் நின்று, மறுபடி தொடங்கியது.

குமாஸ்தா போன பிறகும் அந்த 'மாறல' மட்டும் மாஸ்டரின் தொண்டையில் முள்ளாக நின்றது. எட்டு மாதமாக வெட்டுவது இவள். அப்படியானால் மாறியிருக்க வேண்டுமே? கெட்டுப்போகும் என்றல்லவா உள்ளூர நம்பிக்கொண்டிருந்தார், வெட்கங்கெட்ட மனிதர்!

திரையை விலக்கினார். "ஒளிக்காம சொல்லு. என் வெட்டு எப்படித்தான் இருந்துச்சு?"

பதினெட்டு வருடமாக இப்படிக் கேட்டபோதெல்லாம் "உம்" என்றவள், இன்று துணியையும் கத்தரியையும் எடுத்துக்கொண்டு எழுந்தாள். நேராக முன்னால் வந்து, தெருவே பார்க்க, மேஜையில் துணியை விரித்தாள்.

"கோணல். நீங்க வெட்டிப்போட்டத எல்லாம், நீங்க சாப்பிடப்போற நேரத்துல, ஒவ்வொரு தோளா நான்தான் திருத்தி வெட்டுனேன். அப்ப ரெண்டு வேலை. உங்க கை ஒடிஞ்சப்புறம்தான் அது ஒரு வேலையாச்சு."