வாசிக்காமல் விட்ட தாள்

வியாழக்கிழமை ஐந்து மணி நிகழ்ச்சிக்கு வரும் அஞ்சலட்டைகளைத் தேதி வாரியாக அடுக்குவது என் வேலை. மகாவலிக் கரையில் எங்கள் பக்கத்து மலைகளில், சமூக வானொலி நிலையத்தில் மட்டும்தான் இணையம் இருந்தது. ஊர்க்காரர்கள் கேள்வி எழுதி அனுப்புவார்கள். மாலை வகுப்பில் கற்ற அரைகுறை ஆங்கிலத்தை வைத்துத் தேடி, சிங்களத்தில் எழுதி, நான் வாசிப்பேன். மிளகுக் கொடி ஏன் வாடுகிறது, சனிக் கிரகத்துக்கு எத்தனை நிலவு, இப்படி.

அந்த வாரம் ஹீன் மெனிகே என்ற பெண்ணின் அட்டை வந்தது. கணவருக்குக் கை நடுங்குகிறதாம். ஆஸ்பத்திரித் துண்டுச்சீட்டிலிருந்த நோயின் பெயரை எழுத்து எழுத்தாகப் பார்த்து வரைந்து, இது குணமாகுமா என்று கேட்டிருந்தாள். ‘எங்கள் பெயரைச் சொல்லாதீர்கள். அவரும் கேட்பார்.’

தேடினேன். மருந்து உண்டு, பயிற்சி உண்டு. கீழே, முழுதாகக் குணமாகாது, நடுக்கம் போகப் போகக் கூடும் என்றிருந்தது. இரண்டு தாள்களில் எழுதிக்கொண்டேன். முதல் தாளை வாசித்தேன். குணமாகாது என்றிருந்த இரண்டாவதைப் புரட்டினேன், வாசிக்கவில்லை. பாட்டைப் போடும்படி, ஒலிபரப்பு இயந்திரத்தின் முன் இருந்த ஜயந்த அண்ணாவுக்குச் சைகை காட்டினேன். கேட்டவளை ஏமாற்றிவிட்டேனா, காப்பாற்றினேனா? மூன்று நாள் டைரியில் எழுதி எழுதி அடித்தேன்.

திங்கட்கிழமை ஒருவர் வந்தார். வலது கை கோட்டுப் பைக்குள் இருந்தது.

“நீதானா வாசிக்கிற புள்ள? ரேடியோவுல கேட்டா பெரிய ஆளுன்னு நெனச்சேன்.”

பெயர் முதியான்சே என்றார். “நீ யாரு பேரையும் சொல்லல. ஆனா எங்க மெனிகே சத்தத்தக் கொறைக்க ஓடுனா பாரு, அதுலயே தெரிஞ்சிபோச்சி. அப்பறம் நீ ஒரு தாளப் பொரட்டுன. ஒடனே பாட்டு வந்திச்சி. அந்தத் தாள்ல என்னா?”

“டாக்டர்கிட்டக் கேளுங்க மாமா.”

“அவருக்கு நேரமில்ல. நீ சும்மாதான இருக்க.”

தாளை எடுத்து வாசித்தேன். ஒரு வரியும் விடவில்லை.

“மெனிகேக்கு இது தெரியாதுல்ல?”

“தெரியாது.”

“அப்ப நானும் இங்க வரல.” பிறகு கணினியைக் காட்டினார். “அதுலதான் எழுதியிருக்கா? காட்டு.”

பக்கம் மெல்ல மெல்ல, வரி வரியாக இறங்கியது. நகர்த்திப் பார்க்கிறீர்களா என்று ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. அவர் பையிலிருந்து கையை எடுத்து மவுஸ் மேல் வைத்தார். திரையில் அம்புக்குறி நடுங்கியது. கையை எடுத்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் இன்னும் குனிந்து, அது எந்த வரியில் போய் நிற்கப் பார்க்கிறது என்று கவனித்துக்கொண்டிருந்தார்.