கோன் வருதாம்

தாய்லாந்து எல்லைக்கு இந்தப் பக்கத்து மோன் கிராமத்தில், கிழவர் நை தாவுக்குச் சேதி கொண்டுவந்தவன் பக்கத்து வீட்டு லவீ. எல்லை தாண்டி மகாசாயில் மீன் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவன், விடுமுறைக்கு ஊர் வந்திருந்தான். வந்ததும் வராததுமாக வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே கத்தினான்.

"பெரியப்பா, சங்கரானுக்கு கோன் வருதாம். உங்ககிட்ட சொல்லச் சொல்லிச்சு."

அவ்வளவுதான். வெற்றிலையைத் துப்பிவிட்டுக் குளிக்கப் போய்விட்டான்.

சங்கரான் என்றால் சித்திரையில் வரும் புத்தாண்டு, கோன் என்றால் பிள்ளை. நம் தமிழாக இருந்தால் வருகிறானா, வருகிறாளா, வருகிறார்களா என்று வினையின் வாலே காட்டிக்கொடுத்துவிடும். மோன் மொழியில் அந்தப் பேச்சே கிடையாது. ஒன்றும் கோன்தான், ஒன்பதும் கோன்தான். ஆணா பெண்ணா, எத்தனை, யாருடையது என்பதெல்லாம் பெயருக்குப் பின்னால் ஒவ்வொரு சொல்லாக வந்து ஒட்டிக்கொள்ள வேண்டும். சொல்கிறவனுக்குச் சோம்பலாக இருந்தால் கோன் மட்டும் தனியாக நிற்கும். லவீ பிறவிச் சோம்பேறி.

நை தாவுக்குப் பிள்ளைகள் இரண்டு. மூத்தவள் மி சான், இளையவன் மெம் ரொத். இருவருக்கும் மகாசாயில்தான் பிழைப்பு. மகன் அவ்வப்போது போன் செய்வான். மகள் செய்வதில்லை. தாய் செத்தபோது எல்லை மூடிக்கிடந்தது. மகன் எப்படியோ காட்டுவழியாக வந்து கொள்ளி வைத்தான். அவளால் வர முடியவில்லை. அன்றைக்கு இவர் போனில் கத்தினார். "அம்மா முகத்தைப் பாக்க வராத நீ எனக்கு கோனே இல்ல!" துக்கத்தில் மனிதன் என்னென்னவோ சொல்வான். ஆனாலும் அவள் அதை மறக்கவில்லை, இவராலும் மறக்க முடியவில்லை.

லவீயிடம் போய் யார் வருவது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இவர் கேட்கவில்லை. முற்றத்தில் இரண்டு பாய்களை வெயிலில் போட்டார். லவீயின் மனைவி மி நோன் பார்த்துவிட்டாள்.

"என்ன பெரியப்பா, ஒத்த ஆளுக்கு ரெண்டு பாயா? உருண்டு உருண்டு தூங்குவீங்களோ?"

"ஒண்ணு பூச்சி அரிச்சிருக்கு."

"தலகாணியையும் பூச்சி அரிச்சிருச்சா? ரெண்டு காயுதே!"

"போய் உன் புருஷனுக்குச் சோறு போடு, போ."

கேட்டால் மகன் மட்டும்தான் என்று லவீ சொல்லிவிடுவானோ என்ற பயம் அவருக்கு. கேட்காதவரை இரண்டு பேரும் வந்துகொண்டே இருந்தார்கள். ஆளில்லாத அந்த வீட்டில் அந்த நினைப்பு ஒன்றுதான் அவருக்குத் துணை.

சங்கரான் அன்று மல்லிகை போட்ட தண்ணீரில் சோற்றை ஊறவைத்தார். கருவாட்டை வறுத்து, மாங்காயை நறுக்கி முடிக்கும்போது படலை திறக்கும் சத்தம் கேட்டது. கையைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். படிக்குக் கீழே மி சான், தோளில் பையோடு. பின்னால் யாருமில்லை.

தம்பி ஏன் கூட வரவில்லை என்று கேட்கத்தான் வாயைத் திறந்தார். ஆண்பிள்ளை எங்கே என்று வரவேண்டும். மோன் பேச்சில் பிள்ளை முதலில், ஆண் பிறகு. தொண்டை அடைத்ததில் பின்னால் வரவேண்டியது வரவேயில்லை.

"கோன் எங்க?"

அவள் முகம் சுண்டிப்போனது. முதல் படியில் வைத்த காலை எடுத்துக்கொண்டாள்.

"கோன் மகாசாயிலேயே இருக்கு. லீவு கிடைக்கல. நான்தான் வந்தேன். ஆகாதுன்னா சொல்லுங்க, போயிடறேன்."

நான் என்றாள். அந்த ஊரில் எந்தப் பிள்ளையும் பெற்றவர்களிடம் நான் என்று பேசாது, தன்னை கோன் என்றுதான் சொல்லிக்கொள்ளும். நான் என்பதெல்லாம் கடைக்காரனிடமும் போலீஸ்காரனிடமும் பேசுகிற பேச்சு.

"ஐயோ, நான் கேட்டது உன் தம்பியை... வா, உள்ள வா."

"தெரியும்ப்பா. சாப்பிடுங்க, சோறு ஆறுது."

ஊறவைத்த சோறு எங்கே ஆறப்போகிறது! ஆனாலும் வந்தாள், உண்டாள், வீட்டைப் பெருக்கினாள். தாயின் பேரில் புண்ணியத்துக்குத் தண்ணீர் வார்க்க விகாரைக்கு அவள் மட்டும் தனியாகப் போனாள். நான் தண்ணி எடுக்கறேன், நான் படுக்கறேன், நான் நாளைக்குக் கிளம்பறேன். ஒவ்வொரு நானும் அவருக்குச் சுருக்கென்று தைத்தது. இருவர் இருந்த அந்த வீடு, அவர் ஒருவராக இருந்ததைவிட வெறிச்சென்று கிடந்தது.

மறுநாள் அவரும் கூடவே ஊர்முனைக்கு வந்தார். எல்லையோரத்து மியாவதிக்குப் போகும் பிக்கப் வண்டி நின்றது. பண்டிகை முடிந்து எல்லை தாண்டப் போகிற இளசுகள் நெருக்கியடித்து ஏறியிருந்தார்கள். மி சான் கடைசி மூலையில் பையை மடியில் வைத்துக் குனிந்திருந்தாள். டிரைவர் ஹாரன் அடித்தான். இப்போது விட்டால் இனி இவள் வரமாட்டாள் என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று.

"கோன்!" என்று கத்தினார்.

வண்டியில் பாதித் தலைகள் திரும்பின. எல்லாரும் யாரோ பெற்ற பிள்ளைகள்தானே. அவள் தலை திரும்பவில்லை.

"...பொண்ணு!" என்று அடுத்த சொல்லைச் சேர்த்தார்.

பையன்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நாலைந்து பெண்கள் மட்டும் இன்னும் பார்த்தார்கள். வண்டி உறுமி நகர்ந்தது. இன்னும் ஒரு சொல் பாக்கி இருந்தது. நம் பேச்சில் அதை முதலிலேயே சொல்லிவிட்டு நிம்மதியாக இருப்போம், அவர் மொழியில் அதற்குக் கடைசி இடம். வண்டியோடு நாலு எட்டு ஓடினார்.

"...என்னோடது!"

அந்தப் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு திரும்பிவிட்டார்கள். இந்தக் கிழவர் தங்கள் அப்பா இல்லை என்று அவர்களுக்குத் தெரியாதா? மூலையில் குனிந்திருந்த தலை மட்டும் நிமிர்ந்தது. முகமெல்லாம் ஈரம்.

"கோனுக்குக் கேட்டுச்சுப்பா!" வண்டிச் சத்தத்தை மீறிக் கத்தினாள். "வெயில்ல நிக்காதீங்க. வீட்டுக்குப் போங்க!"

வண்டி மறைந்து வெகுநேரம் ஆன பிறகும் நை தாவ் வெயிலில்தான் நின்றுகொண்டிருந்தார்.