டச்சஸ் விழுங்கிய கல்

டச்சஸுக்கு விலை பன்னிரண்டாயிரம் டாலர். விற்பதற்கில்லை, ஆசையாகக் கேட்கும் சுற்றுலாக்காரர்களின் வாயை அடைக்க நெரிடா வைத்த விலை அது. டச்சஸ் ஒரு தாடி ஓணான். முழங்கை நீளம், மணல் நிறம், கோபம் வந்தால் தாடி கரியாகக் கறுக்கும். நெரிடா என் வயதுக்காரி. ஆஸ்திரேலியாவில் ஓபல் ரத்தினம் தோண்டும் எங்கள் லைட்னிங் ரிட்ஜ் ஊரில் கல் வாங்கியே பெயரெடுத்த என் அப்பாவைப் பேரத்தில் அழவைத்தவள்.

எனக்கு வேண்டியது ஓணான் இல்லை, அவளிடமிருந்த ஒரு கறுப்பு ஓபல். பட்டாணி அளவுதான், ஆனால் உள்ளே நெருப்பு. அவள் இரண்டாயிரம் கேட்டாள். நான் ஆயிரத்தைந்நூறில் நின்றேன்.

ஓபல் வாங்குகிற எல்லோரையும்போல நானும் கல்லை நாக்கால் நனைத்து நிறம் பார்த்தேன். மனசு துள்ளியது. பிடித்த கல்லைக் கையில் வைத்திருந்தால் விலை ஏறும் என்பது அப்பா சொல்லிக்கொடுத்த பாலபாடம். ஆகவே மேசைமேல் போட்டுவிட்டு, கொட்டாவி விட்டபடி ஜன்னலைப் பார்த்தேன். விற்கிறவளும் கல்லைப் பார்க்கக்கூடாதல்லவா, அவள் தேநீர்க் கெண்டியைப் பார்த்தாள். ஈரத்தில் வண்டுபோல மின்னிய கல்லைப் பார்க்கத் தடையில்லாத ஆள் அந்த அறையில், மேசையோரம் படுத்திருந்த டச்சஸ் மட்டும்தான்.

‘டக்’ என்று ஒரு சத்தம். திரும்பினோம். டச்சஸ் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

நெரிடாவின் முகம் வெளுத்தது. நான் முந்திக்கொண்டேன். கல் உள்ளே இருக்கிறபடியே ஆயிரம் தருகிறேன் என்றேன்.

"சரி," என்றாள் உடனே. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும். "ஆனா கல்லு வெளிய வர்றவரைக்கும் அவ உன் வீட்ல, உன் செலவுல. அவளுக்கு ஏதாவது ஆச்சு, பணமும் எனக்கு, கல்லும் எனக்கு."

கைகுலுக்கிவிட்டோம். எங்கள் ஊரில் அதற்குமேல் பேச்சில்லை. மறுநாளே அவள் குளிர்காலத்துக்குக் கடற்கரையோரம் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

தொலைவிலுள்ள டப்போ நகரில் கால்நடை மருத்துவர் எக்ஸ்ரே எடுத்தார். கல் குடலில் இருக்கிறது, தானாக வரும், ஆனால் உடம்பு குளிர்ந்தால் குடல் நின்றுவிடும், அப்புறம் ஆபத்து என்றார். என் வீடு என்பது ஒரு சுரங்க முகாம், அங்கே மின்கம்பி கிடையாது. இராப்பகலாக அவளைச் சூடேற்றும் விளக்குக்காக ஜெனரேட்டர் ஓடியது. நிலத்தடியிலிருந்து சுடச்சுட ஊறும் ஊர்ப் பொதுக் குளத்து வெந்நீரைக் கேனில் சுமந்துவந்து, கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, பிளாஸ்டிக் தொட்டியில் அவளை உட்காரவைத்து வயிற்றைத் தடவினேன். பாறை போல முகத்தை வைத்துக்கொண்டு அவள் தடவலை அனுபவித்தாள். சிள்வண்டுகள்மேல் சுண்ணாம்புச்சத்துப் பொடி தூவிப் பரிமாறினேன். அதிலும் மெலிந்த வண்டு அவளுக்கு ஆகாது.

ஒருநாள் காலையில் ஜெனரேட்டர் தீனியில்லாமல் நின்றிருந்தது. டச்சஸ் விறைத்துக் கிடந்தாள். தூக்கிச் சட்டைக்குள் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். ஆயிரம் டாலரும் கல்லும் போச்சே என்று தொடங்கிய புலம்பல், எங்கேயோ நடுவில், "எழுந்திருடி கண்ணு," என்று மாறிப்போயிருந்தது.

வெயில் ஏறியதும் நகத்தால் என் மார்பைக் கீறினாள். தொட்டியில் விட்டேன். கொஞ்ச நேரத்தில் மற்றதோடு கல்லும் வந்தது. பழக்கதோஷத்தில் என் நாக்கு வெளியே நீண்டுவிட்டது. நல்லவேளை, குழாய் பக்கத்தில் இருந்தது.

நெரிடாவுக்குப் போன் போட்டேன். முதலில் அவள் கேட்டது டச்சஸைப் பற்றித்தான். நன்றாக இருக்கிறாள், வந்து அழைத்துப் போ என்றேன்.

"குளிர் முடிஞ்சதும், ஆகஸ்ட்ல வர்றேன்."

"அதுவரைக்கும் இவளப் பாத்துக்கக் கூலி?"

"பன்னிரண்டாயிரம் டாலர் சரக்க உன் சட்டைக்குள்ள வச்சிக் கொஞ்சறியாமே, ஊரே சொல்லுது. வாடகை கேக்காம இருக்கேனேன்னு சந்தோஷப்படு."

கணக்குப் பார்த்தேன். கல்லுக்கு ஆயிரம். மருத்துவருக்கு நானூற்றுப் பத்து. டப்போ போய்வந்த பெட்ரோல் நூற்றறுபது. ஜெனரேட்டருக்கு இருநூற்று நாற்பது. விளக்கு எண்பத்தைந்து. சிள்வண்டு நூற்று முப்பது. ஆக இரண்டாயிரத்து இருபத்தைந்து.

நெரிடா முதலில் கேட்டது இரண்டாயிரம். கூடுதல் இருபத்தைந்தை டச்சஸ் பெயரில் கடனாக எழுதிவைத்திருக்கிறேன். கேட்டால் முன்காலைத் தூக்கி ஆட்டுகிறாள். வரவு இன்னும் இல்லை.