ராசாத்தாள் அமுக்காத பட்டன்

மனைவி ராசாத்தாள் குளியலறையில் வழுக்கி விழுந்த நாளிலிருந்து வெங்கடபதிக்குச் சோறு தொண்டையைத் தாண்டவில்லை. உள்ளே கிடந்தபடி அவள் "ஏனுங்க, ஏனுங்க" என்று மெல்லக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். ஆயுசெல்லாம் விசைத்தறிச் சத்தத்தில் ஊறிய அவர் காதுகளோ அவருக்கு முன்பே ஓய்வு வாங்கிக்கொண்டவை. இந்தத் தடவை இடுப்பெலும்பு தப்பியது. அடுத்த தடவைக்கு யார் உத்தரவாதம்?

சூலூர்க் கடைவீதியில் எலெக்ட்ரிகல் கடை வைத்திருக்கும் சஹீரை வரவழைத்து, வயர் இல்லாத அழைப்பு பட்டன்களை வீடு முழுக்க ஒட்ட வைத்தார். கட்டில் தலைமாட்டில், அடுப்பு மேடையில், துணிக்கொடிக் கம்பத்தில். குளியலறையில் நின்றால் எட்ட ஒன்று, விழுந்தால் எட்ட ஒன்று. சுவரெல்லாம் அம்மை போட்ட முகமாகிவிட்டது. கூடத்தில் மாட்டிய மணி அலறினால் பக்கத்து விமானப்படைத் தளத்தில் இறங்க வந்த விமானம் பயந்து மேட்டுப்பாளையம் வரை போய்விட்டு வரும்.

ஆனால் ஒரு நாளும் அது அலறவில்லை. அதுதான் அவரைக் கலக்கியது.

"ஏம்புள்ள, நேத்துக் குளிக்கறப்ப கிறுகிறுன்னு வந்து உக்காந்துட்டேன்னு இப்பச் சொல்றே. பட்டன் கைக்கிட்டயே இருந்துச்சில்ல?"

"நீங்க சாப்பிட்டுட்டு இருந்தீங்க. வட்டல்ல கை வெச்சவிங்கள மணியடிச்சு எழுப்பறதுங்களா? நான் என்ன கலெக்டருங்களா?"

இவள் செத்தாலும் மரியாதையாகத்தான் சாவாள் என்று அவருக்கு விளங்கிவிட்டது. அதன்பிறகு குளியலறைக் கதவு சாத்தும்போதெல்லாம் அவர் மூச்சும் சேர்ந்து அடைத்துக்கொண்டது. தாழ் போடுவதில்லை என்று சத்தியம் வாங்கியும் பயம் போகவில்லை.

மறுபடியும் சஹீர் வந்தார். "விழறது உள்ளதானுங்களே அய்யா. பட்டனப் புடுங்கி வெளிய கதவு நெலையில மாட்டச் சொல்றீங்க?"

"உள்ள இருக்கறத அவ தொடமாட்டா தம்பி. வெளிய இருந்தாச் சொல்லிட்டுப் போவா."

ஏடிஎம் இயந்திரத்திடமே "போயிட்டு வாரேனுங்க" சொல்லிவிட்டு வருகிறவள் ராசாத்தாள். உள்ளே போகும்போது ஒரு மணி, வெளியே வந்ததும் ஒரு மணி என்றதும் தட்டாமல் ஒப்புக்கொண்டாள். அவள் குளிக்கும் நேரம் கருமத்தம்பட்டி வரை தெரிந்தது.

ஒரு நாள் காலை முதல் மணி அடித்தது. வெங்கடபதி இட்லியைப் பிட்டார். இரண்டாவது மணியைக் காணோம். இன்னொரு இட்லியைப் பிட்டார். வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. தலைக்குத்தான் ஊற்றுகிறாளோ? காதுதான் மோசம் பண்ணுகிறதோ? சட்னிக் கையோடு ஓடிக் கதவைத் தள்ளினார்.

சுவரோரமாகச் சரிந்து கிடந்தாள். முகமெல்லாம் வேர்வை.

"சாப்பிட்டுட்டு வந்திருக்கலாமுங்க," என்றாள்.

அவர் சட்னிக் கையை வேட்டியில் துடைத்தார். டாக்டரிடம் கொண்டுபோக, அவளைத் தோளில் சாய்த்து மெல்ல வெளியே நடத்தினார். நிலைப்படியில் அவள் நின்றாள். கையை நீட்டிப் பட்டனை அமுக்கினாள். தெருவே அதிர்ந்தது.

"வந்துட்டேனுங்க."