மில்லிமீட்டருக்கு வந்த பல்வலி

அந்தத் தச்சரை ஊர் முழுக்க மில்லிமீட்டர் என்றுதான் கூப்பிடும். பட்டறையில் கூட வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர். ஒரு அலமாரிக் கதவுக்கு மூன்று தரம் அளவெடுப்பார். எடுத்த பிறகும் பலகையில் ரம்பத்தை வைக்க மனசு வராமல், பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, பலகை ஏதோ பொய் சொல்கிறது என்பதுபோல் அதையே பார்த்துக்கொண்டு நிற்பார். பெயரில் கேலி இருப்பது அவருக்கும் தெரியும். இருந்தாலும் அந்தப் பெயர் அவருக்குப் பிடித்திருந்தது.

அப்பேர்ப்பட்ட மனுஷனுக்குச் சொந்த வீட்டிலேயே, கட்டிய பெண்டாட்டியிடமிருந்தே போட்டி கிளம்பும் என்று யார் கண்டது?

கடைத்தெருவில் ‘எதை எடுத்தாலும் ஒரே விலை’ என்று பெரிதாக எழுதிப் போட்டு ஒரு கடை திறந்தார்கள். அவர் மனைவி சோப்புப் பெட்டி வாங்கத்தான் போனாள். வரும்போது ஒரு கண்ணாடிக் கோப்பை, ஒரு தட்டு, ஒரு பை நிறையப் பளபளவென்று கூழாங்கல். கோப்பையைக் கவிழ்த்தாள், அதன் தலையில் தட்டை ஒட்டினாள், விளிம்பைச் சுற்றிக் கல்லைப் பதித்தாள். சாயங்காலம் பார்த்தால் மேசைமேல் ஒற்றைக் காலில் ஒரு பழத்தட்டு, ஏதோ அரண்மனையிலிருந்து வந்த மாதிரி நிற்கிறது. கல்லூரியிலிருந்து வந்த மகள் “அம்மா!” என்று கத்திய கத்தலில் மில்லிமீட்டர் கையிலிருந்த தேநீர் சட்டையில் கொட்டியது.

அன்றைக்குப் பிடித்தது சனி. பழைய பாட்டிலுக்குக் கயிறு சுற்றிப் பூச்சாடி, சாப்பாட்டுத் தட்டுக்கு அடியில் போடும் விரிப்பில் சுவர்க்கடிகாரம், பேனா ஸ்டாண்டில் விளக்கு என்று வீடு நிரம்பியது. எல்லாவற்றுக்கும் மேலே கூடத்துச் சுவரில் ஒரு வட்டக் கண்ணாடி. கறி சுடுகிற மூங்கில் குச்சிகளைச் சுற்றிலும் கதிர்மாதிரி ஒட்டி, தங்க நிறம் அடித்து, சூரியனையே பிடித்து மாட்டி வைத்திருந்தாள். எல்லாம் ஒரு க்ளூ கன் செய்த வேலை. பசைக் குச்சியை அது சூடாக்கி உருக்கித் துப்பும், ஆறினால் கெட்டியாகிவிடும். ஒரு ஆணி உண்டா, ஒரு மூட்டு உண்டா? ஒன்றும் கிடையாது.

பார்க்க வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். அந்தச் சாமான்கள் உட்கார்ந்திருந்த நீள மேசையை மில்லிமீட்டர்தான் செய்தார். ஒரு ஆணிகூட இல்லாமல், பல்லோடு பல் கோத்து இழைத்த மேசை. அதை ஒருத்தரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. எதிர்வீட்டு அம்மாள் மட்டும் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சொன்னாள்: “மேசை கொஞ்சம் இருட்டடிக்குது. மேல ஒரு வெள்ளைத் துணி விரிச்சா உங்க சாமானெல்லாம் இன்னும் எடுப்பா தெரியும்.”

மறுநாள் துணியும் வந்தது. அதுவும் அந்தக் கடைத் துணிதான்.

மகள் படம் எடுக்கும்போது, “அப்பா, கொஞ்சம் நகருங்க, அம்மாவோட கண்ணாடி மறையுது” என்பாள். மனைவி எதையாவது முடித்துவிட்டால், “என்னங்க, ஒரு ஆணி மட்டும் அடிச்சுக் குடுங்களேன்” என்று வருவாள். முப்பது வருஷம் மரத்தோடு மல்லுக்கட்டிய கைக்கு வீட்டில் மிஞ்சிய வேலை ஆணி அடிப்பது! மில்லிமீட்டருக்கு வயிறு பற்றி எரிந்தது. அதற்கு அவர் என்னென்னவோ பெயர் வைத்துப் பார்த்தார். தொழில் மரியாதை என்றார், காசு வீணாகிறதே என்ற கவலை என்றார், க்ளூ கன் புகை நெஞ்சுக்கு ஆகாது என்றுகூட ஒருநாள் சொல்லிப் பார்த்தார். அது சுத்தமான, கலப்படமில்லாத பொறாமை. வேறு ஒரு மண்ணும் இல்லை.

இதுவரையாவது வீட்டோடு போயிற்று. பல் டாக்டரம்மா வந்த அன்றுதான் எரிகிற தீயில் எண்ணெய் விழுந்தது.

நாலு தெரு தள்ளி அவருடைய பல் ஆஸ்பத்திரி. நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில் ஒரு சுவர் முழுக்க மரப்பலகை பதிக்க வேண்டும் என்று மில்லிமீட்டரைக் கூப்பிட்டிருந்தார். இவரும் ஒரு மத்தியானம் பூராவும் அங்கேயே கிடந்து அளவெடுத்து, அழகாக வரைபடம் போட்டு வைத்திருந்தார். அதைப் பார்க்கத்தான் டாக்டரம்மா வீட்டுக்கே வந்தார். உட்கார்ந்தார், நிமிர்ந்தார், சுவரைப் பார்த்தார். அவ்வளவுதான்.

“இது எங்க வாங்கினீங்க?”

“வாங்கலைங்க டாக்டர். நான்தான் சும்மா பொழுதுபோகச் செஞ்சேன்” என்றாள் மனைவி, முகமெல்லாம் சிவந்து.

“சும்மாவா! இதே மாதிரி பெருசா ஒண்ணு செஞ்சு தருவீங்களா? பலகையெல்லாம் எதுக்கு, இது ஒண்ணு இருந்தாலே அந்த இடம் களை கட்டிடும்.”

டாக்டரம்மா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். மில்லிமீட்டரின் வரைபடத்துமேல்தான் வைத்தார். வேண்டுமென்று இல்லை, கைக்கு வாக்காக அதுதான் இருந்தது. மில்லிமீட்டர் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். காதில் புகை வந்தது யாருக்குத் தெரியப்போகிறது?

மனைவி ராப்பகலாக உட்கார்ந்து செய்தாள். நடுவில் தாம்பாளம் அளவு கண்ணாடி. சுற்றிலும் குச்சிகள். ஒவ்வொரு குச்சி முனையிலும் உள்ளங்கையளவு வட்டக் கண்ணாடி. பின்னால் கெட்டி அட்டை. எல்லாம் அந்த ஒரே விலைக் கடைச் சரக்குதான். ஆனால் அழகாக இருந்தது. அதுதான் மில்லிமீட்டருக்குத் தாங்கவில்லை. அசிங்கமாக இருந்திருந்தால் அவரே பாராட்டியிருப்பார்.

முடிக்கிற அன்று காலையில் அவள் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“என்னங்க, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். நடுக்கண்ணாடி கனமா இருக்கு. அடியில பத்துப் பேர் உக்கார்ற இடம். இந்தப் பசை தாங்குமா? நீங்க சரின்னு சொன்னாத்தான் குடுப்பேன்.”

அந்தப் பசையை மில்லிமீட்டருக்கு நன்றாகத் தெரியும். ஒரு செருப்புக் கடையின் கண்ணாடிப் பெட்டியில் எவனோ அவசரக்காரன் அந்தப் பசையால் சட்டம் ஒட்டப்போய், வெயில் பட்டு இளகி, சட்டம் வழிந்து இறங்கியது. பிறகு இவர்தான் போய்த் திருகாணி போட்டுச் சரிசெய்தார். டாக்டரம்மாவின் கூடமும் அவருக்குத் தெரியும். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, மத்தியானம் திரும்பினால் வெயில் நேராக அந்தச் சுவரில்தான் விழும். அளவெடுத்த அன்று அது முதுகைச் சுட்டு அவர் இடம் மாறி உட்கார்ந்தார். மனைவி அந்த இடத்தைக் காலை நேரத்தில் மட்டுமே பார்த்திருந்தாள். காலையில் அது குளுகுளுவென்று இருக்கும்.

ஒட்டுப்பலகை வைத்து நாலு கிளிப் போட்டால் போதும், அரைமணி வேலை. அதைச் சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. தேநீர்க் கோப்பையும் கூடவே ஞாபகம் வந்தது.

“தாராளமா தாங்கும்” என்றார், செய்தித்தாளை இறக்காமலே.

“நீங்க சொல்லிட்டீங்கன்னா போதும், எனக்கு நிம்மதி” என்று அவள் எழுந்து போனாள்.

அவருக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. அது விழ வேண்டும். விழுந்ததும் அவள் வந்து முன்னால் நின்று, “நீங்க செய்யுற மாதிரி வராதுங்க, மரம் மரம்தான்” என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். யாருக்கும் அடிபடக் கூடாது, அந்த அளவுக்கு அவர் நல்லவர்தான். ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, மானம் மட்டும் உடைகிற மாதிரி விழுந்தால் போதும். வெயில் அடிக்கிற நேரம்தான் ஆஸ்பத்திரியில் கூட்டம் இருக்கிற நேரம் என்பதை, எல்லாவற்றையும் மூன்று தரம் அளக்கிற மனுஷன் ஒரு தரம்கூட யோசிக்கவில்லை.

மாட்டப் போனதும் அவர்தான். ரசமட்டம் வைத்துப் பார்த்து ஆணி அடித்தார். உலகமே கவிழ்ந்தாலும் அந்த ஆணி அசையாது.

ஆனால் வானம் மூடிக்கொண்டது. நாள் கணக்கில் மப்பு, மந்தாரம். கண்ணாடி ஜம்மென்று சுவரில் இருந்தது. மில்லிமீட்டருக்கு இருப்புக்கொள்ளவில்லை. என்ன ஆயிற்று என்று பார்க்க வேண்டுமே, என்ன சொல்லிக்கொண்டு போவது? தாடையைப் பிடித்துக்கொண்டு, “பல்லு வலிக்குது” என்று கிளம்பினார். கூடத்தில் கன்னம் வீங்கிய ஒருத்தர் அண்ணாந்து பார்த்து, “அஹகா இருக்கு” என்றார். வாயைத் திறக்க முடியாத ஆளுக்கும் அதைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை! டாக்டரம்மா இவர் வாயைத் திறக்கச் சொல்லித் தட்டிப் பார்த்தார், குடைந்து பார்த்தார்.

“ஒண்ணும் இல்லையே. எந்தப் பல்லு?”

“மாறி மாறி வலிக்குது டாக்டர்.”

வந்ததற்கு இருக்கட்டும் என்று எல்லாப் பல்லையும் சுரண்டிச் சுத்தம் செய்து அனுப்பினார். ஈறெல்லாம் ரத்தம். பொய்யாய்ச் சொன்ன வலி அன்று சாயங்காலம் நிஜமாகவே வந்தது. மனைவி ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக் கொண்டுவந்து, “மெதுவா முழுங்குங்க. பல்லோட அவஸ்தைப்பட்டுட்டு ஏன் இத்தனை நாள் சொல்லலை?” என்று கடிந்துகொண்டாள். அவர் முழுங்கினார். ரொட்டி இறங்கியது, பொறாமைதான் இறங்கவில்லை. மறுபடியும் போனார். மறுபடியும்.

ஒருநாள் வெயில் வெளுத்து வாங்கியது. மில்லிமீட்டர் மத்தியானமே போய் எதிர் நாற்காலியில் இடம் பிடித்தார். வெயில் தரையில் ஏறி, நாற்காலியில் ஏறி, கண்ணாடிமேல் வந்து உட்கார்ந்தது. கூடம் முழுக்க ஒளிப்பொட்டு. எல்லாரும் ஆகா என்றார்கள். மில்லிமீட்டர் மட்டும் நடுக்கண்ணாடியின் கீழ் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இறங்கியது. ஒரு நூல் அளவு. அவர் கண்ணைத் தவிர வேறு எந்தக் கண்ணுக்கும் தெரிந்திருக்காது. உள்ளுக்குள் துள்ளிக் குதித்தார். வா, வா, இறங்கு!

அந்த நேரம் பார்த்து ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்து, அத்தனை நாற்காலி இருக்க, சரியாக அதன் அடியில் உட்கார்ந்தாள். குழந்தை ஒளிப்பொட்டைப் பிடிக்கக் கையை நீட்டியது. எழுந்து போய்விடுவாள் என்று பார்த்தார். போகவில்லை. பையைத் திறந்து பால்புட்டியை எடுத்தாள். கண்ணாடி இன்னும் ஒரு விரற்கடை இறங்கியது.

“எந்திரிம்மா! எந்திரி!”

எப்படித் தாவினார் என்று அவருக்கே தெரியாது. அந்தப் பெண் குழந்தையை அள்ளிக்கொண்டு விலகவும், இவர் இரண்டு உள்ளங்கையும் விரித்துக் கண்ணாடியைச் சுவரோடு அழுத்தவும் சரியாக இருந்தது. நடுக்கண்ணாடியை மெல்ல இறக்கிவிடலாம் என்றால் சுற்றியிருந்த சின்னக் கண்ணாடிகள் ஒவ்வொன்றும் வழுக்கின. நெஞ்சு, முழங்கை, கன்னம் எல்லாவற்றையும் கொடுத்து முட்டுக்கொடுத்துப் பல்லிபோல் ஒட்டிக்கொண்டு நின்றார். தங்கக் குச்சிகள் ஒவ்வொன்றாகத் தலையில் விழுந்தன. டாக்டரம்மா கையுறையோடு ஓடிவந்தார். வரவேற்பு மேசையிலிருந்த பெண் வீட்டுக்குப் போன் போட்டாள்.

மனைவி ஓட்டமும் நடையுமாக வந்தாள். காலில் ஜோடி மாறிய செருப்பு. முதலில் குழந்தையைப் பார்த்தாள். பிறகு பசையைத் தொட்டாள், விரலில் ஒட்டிக்கொண்டு நூலாக வந்தது. வெயிலைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

“மன்னிச்சுக்குங்க டாக்டர், தப்பு என்னோடதுதான்” என்றாள்.

டாக்டரம்மா மில்லிமீட்டரைப் பார்த்தார். “நீங்கதானே மாட்டினீங்க? வெயில் படும், பசை இளகும்னு தோணலையா?”

அவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். “அவருக்கு இதெல்லாம் தெரியாதுங்க. அவர் மரவேலைக்காரர், இந்தப் பசை அவருக்குப் புதுசு. தெரிஞ்சிருந்தா சொல்லாம இருப்பாரா? கதவு கடுகளவு கோணினாலே சாப்பாடு இறங்காத மனுஷன்.”

“சரி, தெரியாத வேலையை அவர் தலையில கட்டினது என் தப்புதான்” என்றார் டாக்டரம்மா. “இனிமே விவரம் தெரிஞ்ச ஆளா பார்த்துக்கலாம்.”

தெரியாது! முப்பது வருஷத்தில் அவரைப் பார்த்து ஒருத்தரும் சொல்லாத வார்த்தை. சுவரோடு ஒட்டியிருந்த கன்னம் துடித்தது.

“யாருக்குத் தெரியாது?” என்று கத்தினார். “எனக்கா? இந்தப் பசை வெயிலுக்கு நிக்காதுன்னு எனக்கு நல்லாத் தெரியும். இந்தச் சுவத்துல எத்தனை மணிக்கு வெயில் விழும்னும் தெரியும். ஒட்டுப்பலகை வச்சு நாலு கிளிப் போட்டிருந்தா இது ஆயுசுக்கும் அசையாது!”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது.

“அன்னிக்கு நான் கேட்டப்பவே தெரியுமா?” என்று மனைவி மெதுவாகக் கேட்டாள்.

அவர் கண்ணாடியை இன்னும் இறுக்கி அழுத்தினார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு அந்த வரவேற்புப் பெண்ணைக் கூப்பிட்டு, அவளும் தானுமாகச் சின்னக் கண்ணாடிகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்து நாற்காலியில் அடுக்கினாள். கடைசியாக நடுக்கண்ணாடிக்கு வந்தாள். அவர் கை தன்மேல் படாமல் அடியில் கைகொடுத்து வாங்கிக்கொண்டாள்.

மில்லிமீட்டர் வெறும் கையோடு சுவரோரம் நின்றார். அவர் அடித்த ஆணி தலைக்குமேல் நேராக இருந்தது.

“இதை நான் சரிபண்ணித் தந்துடறேன் டாக்டர்” என்றாள் மனைவி, கண்ணாடியை மார்போடு அணைத்துக்கொண்டு. “ஒட்டுப்பலகை வெட்டி, கிளிப் போடணும். உங்களுக்குத் தெரிஞ்ச நல்ல தச்சர் யாராவது இருந்தா சொல்லுங்க.”