சாட்சிக்கு விட்ட கோடு

1.
இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஓர் ஆஸ்பத்திரி நடைவழியில். என் ரத்தப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் ஒரு பெண், மடியில் ஒன்றரை வயது மகள், கையில் ஓர் ஒப்புதல் படிவம். அதைப் பத்து நிமிடத்தில் நான்கு தடவை மடித்து விரித்தாள். நான் பார்த்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2.
முதல் தொடக்கம்: ‘அன்று வானமே அவளுக்காக’ — வேண்டாம். வானத்துக்கு வேறு வேலை இருக்கிறது.

இரண்டாவது: அவள் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவள். (வேலை நான் கொடுத்தது. அதில் மாட்டிக்கொண்டதும் நான்தான்.) மகளுக்குத் தூங்கி எழுந்ததும் தலை வெடுக்கென்று தொங்கும், கைகள் விரியும், அடுத்தடுத்து இருபது முப்பது தடவை. வலிப்பு. ‘அம்மா’ என்று சொல்லத் தொடங்கியிருந்தவள் இப்போது முகம் பார்ப்பதுகூட இல்லை. முதல் மருந்து கேட்கவில்லை. டாக்டர் அடுத்ததைச் சொன்னார்.

“இதுல வலிப்பு நிக்க வாய்ப்பு இருக்கும்மா. ஆனா சில பிள்ளைங்களுக்குப் பக்கப்பார்வை சுருங்கிடும். போனா திரும்பாது. யாருக்குப் போகும்னு முன்னாடியே சொல்ல முடியாது.”

“குடுக்கலேன்னா?”

“வலிப்பு நீடிச்சா மூளை வளர்ச்சி பாதிக்கும். நீங்களே யோசிச்சுச் சொல்லுங்க.”

3.
முதல் பிரதியில், பிற்காலத்தில் மகளுக்கு ஒரு கண்ணாடி மாட்டி அழகு பார்த்தேன். தாய் விடவில்லை. ஓரத்தில் தெரியவில்லை என்று கடைக்கு வருபவர்களிடம் “இதுக்குக் கண்ணாடி கிடையாதுங்க” என்று சொல்லி அனுப்புகிறவளே அவள்தான். என் பாத்திரத்திடமே மூக்குடைபட்டேன்.

வீட்டில் அவளே ஒரு சோதனை வைத்தாள். இப்போது எவ்வளவு தெரிகிறது என்று குறித்துவைத்தால்தானே பின்னால் குறைந்ததா என்று தெரியும்? மகளின் காதுக்குப் பின்னாலிருந்து, லென்ஸ் துடைக்கும் மஞ்சள் துணியை மெல்ல முன்னால் கொண்டுவந்தாள். மகள் திரும்பினாள். வாரக்கணக்கில் திரும்பாத முகம்! பூரித்துப்போய் அளவைத் தாளில் குறித்தாள். மூன்றாம் தடவை, துணி இன்னும் முதுகுப்பக்கமே இருக்க, மகள் திரும்பிவிட்டாள்.

அப்போதுதான் உறைத்தது. கடைப் பழக்கத்தில் ஒவ்வொரு தடவையும் “இப்ப தெரியுதா?” என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். மகள் திரும்பியது குரலுக்கு.

தாளைக் கசக்கினாள். பிறகு பிரித்து மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். மிச்சமிருப்பது அந்தத் திரும்பல் ஒன்றுதான். வலிப்பு அடுத்து அதையும் கொண்டுபோகும்.

4.
கப்பலில் வேலை பார்க்கும் கணவன் போனில் சொன்னான்: “நீ என்ன முடிவு எடுத்தாலும் எனக்குச் சம்மதம்மா.” அக்கா சொன்னாள்: “உனக்குத் தெரியாததாடி?” எல்லோரும் தங்கமானவர்கள். பாரத்தை அவள் தலையில் இறக்கிவிட்டுத் தங்கமாகவே இருந்தார்கள். அவளுக்கென்று யாருமே இல்லை என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

5.
முடிவு அ: கையெழுத்துப் போட்டாள். வலிப்பு நின்றது. ஆறு வயதில் ஒருநாள், பக்கத்திலிருந்து வந்த சைக்கிளை —

முடிவு ஆ: போடவில்லை. கண் முழுசாக இருக்கிறது. ஆனால் அந்தக் கண் அம்மாவைப் பார்த்து —

இந்த இடத்தில் ‘முடிவை வாசகரிடமே விடுகிறேன்’ என்று நைசாகக் கழன்றுகொள்வது எங்கள் வழக்கம். நானும் எழுதினேன். படித்தால், பாரத்தை இறக்கிவிட்டுப் போன அதே டாக்டர் குரல், கணவன் குரல், அக்கா குரல். அடித்துவிட்டேன்.

6.
ஆகவே அவள் கையெழுத்துப் போட்டாள். போடவைத்தது நான். தப்பென்றால் என்னைத் திட்டுங்கள். மருந்து என்ன செய்யும் என்பது எனக்கும் தெரியாது.

“சாட்சி ரெண்டு பேர் போடணுமே. கூட யாரும் வரலையா?” என்றாள் நர்ஸ்.

(முதல் பகுதியில் ஒன்றை மறைத்தேன். அந்தப் பெண் என் பக்கம் திரும்பி, “ஒரு சாட்சிக் கையெழுத்துப் போடுறீங்களா?” என்று கேட்டாள். என் பெயரைக் கூப்பிட்டார்கள். “இதோ வந்துடறேன்” என்று எழுந்து போனேன். வெளியே போக வேறு வழி இருந்தது.)

உங்களிடம் தீர்ப்பு யாரும் கேட்கவில்லை. அவள் யோசிக்காமல் போடவில்லை என்பதற்குத்தான் சாட்சி. நீங்களும் இதுவரை கூடவே இருந்திருக்கிறீர்கள்.

சாட்சி 1: நான். தாமதமாக.

சாட்சி 2: ____________